சந்தனம் வைத்த விளையாட்டுக் கருவி

அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவியை வாங்கிக்கொண்டு இரத்தினபுரியில் நிவித்திகல போகும் பஸ் ஏறியது ஒரு வியாழக்கிழமை. புத்தகம் வாங்கினால் முதல் பக்கத்தில் தேதி எழுதிவிடுவேன். பழக்கதோஷத்தில் இதன் பெட்டி மூடிக்கு உட்புறமும் பென்சிலால் தேதி எழுதினேன். ஐம்பதை நெருங்கும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு இது எதற்கு என்று நானே தயங்கியதுண்டு. கடைக்கு விரட்டியவள் மனைவிதான்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒங்களுக்குன்னு என்ன வாங்கினீங்க? பொஸ்தகத்த விட்டா ஒண்ணுமில்ல. போய் வாங்குங்க."

வாங்கி வந்தபிறகு அவளே தடையும் போட்டாள்.

"இன்னிக்கு ஓட்டாதீங்க. நாளைக்கு வெள்ளிக்கெழம. சாமிக்கிட்ட வச்சி எடுப்போம்."

"இது என்ன லொறியா?"

"கொழுந்து லொறிக்கு வைக்கிறோம், பெக்டரி மெசினுக்கு வைக்கிறோம். இதுவும் கரண்டு குடிக்கிற மெசின்தானே?"

தொட்டுப் பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. தடித்த நாவல் ஒன்றின் கனம் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஒரு கவிதைத் தொகுப்பின் கனம்கூட இல்லை. பொத்தான்களை அழுத்தினால் சுவர்ப் பல்லி சொல்வதுபோல் மெல்லிய 'டிக்'. திரை அணைந்திருந்தபோதும் அழகாகத்தான் இருந்தது. அதில் என் மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால், சாமி படங்களுக்கு முன்னால் கருவி. கட்டைவிரலால் சாய்த்துத் திசை காட்டும் இரண்டு குமிழ்களின் தலையிலும் தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"பொட்டு வைக்கிறதுக்குன்னே ரெண்டு குமிழு வச்சிருக்கான் பாருங்க" என்றாள் பெருமையாக.

"எலுமிச்சம்பழம் வேணாமா?"

"வைக்கலாம். ஏத்தி நசுக்க லொறி மாதிரி சில்லு எங்க இருக்கு?"

மேலாகத் துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். தண்ணீராகக் குழைத்த சந்தனம் ஏற்கெனவே குமிழைச் சுற்றி உள்ளே இறங்கியிருந்தது எனக்குத் தெரியாது.

மாலையில் ஓட்டினேன். தகரக் கூரையில் மழை கொட்டியதால் இசை ஒன்றும் கேட்கவில்லை. நிறங்களே போதும் என்றிருந்தது. ஒரு காய்கறித் தோட்டம், பக்கத்தில் ஆறு, தொப்பி போட்ட குட்டி மனிதன் ஒருவன். நான் விரலை எடுத்ததும் அவன் தானாக இடப்பக்கம் நடந்து ஆற்றில் விழுந்தான். கரையேறினான். திரும்பவும் நடந்து விழுந்தான். இடது குமிழை அசைத்துப் பார்த்தேன். இடுக்கில் காய்ந்த சந்தனம் சிக்கியிருந்தது.

கடைக்காரர் ஒரு கிழமைக்குள், ஏழு நாளுக்குள், கோளாறு வந்தால் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். சந்தனம் உள்ளே போன கதையை அவரிடம் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய சங்கடம் வீட்டில். எனக்கென்று ஒரு பொருள் வாங்க வைத்தவள், தன் பொட்டால் அது கெட்டது என்று தெரிந்தால் நொந்துபோவாள். அவளுக்குத் தெரியாமல் சரிசெய்ய வேண்டும்.

"ஏங்க, அவன் ஏன் தண்ணிக்கே போறான்?" என்று தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"அது அவன் குணம்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில்தான் அவளுக்கு வேலை. "அங்கயும் ஒருத்தன் இப்பிடித்தான். கண்ண எடுத்தா வாய்க்காப் பக்கம் நிப்பான்" என்றபடி கருவியை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எனக்கு அது கிடைப்பது அரிதாயிற்று. "ராசா, இங்கிட்டு வா. ஆத்துப் பக்கம் போகாத, தங்கம்" என்று கட்டைவிரலால் வலப்பக்கமாக இழுத்துப் பிடித்தே அவனை நடத்தினாள். நான் நட்டால் அழுகிய கத்தரிச் செடிகள் அவள் கையில் காய்த்தன.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று அவள் கோயிலுக்குப் போன நேரத்தில், காது குடையும் பஞ்சுக் குச்சியும் துளி ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்தேன். மஞ்சள் மஞ்சளாக வந்தது. கடைசியில் விரலை எடுத்தேன். குட்டி மனிதன் நின்ற இடத்திலேயே நின்றான். தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

மாலையில் அவள் கையில் எடுத்த சற்று நேரத்தில் குரல் உயர்ந்தது. வழக்கப்படி வலப்பக்கம் இழுத்திருக்கிறாள். அவன் வேலியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறான்.

"என்னங்க செஞ்சீங்க? நல்லாத்தானே இருந்தான்! சொன்னபடியெல்லாம் கேக்குறானே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். முகம் வாடும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப சந்தனம் வச்சப்ப உசிரோட இருந்தான். நீங்க தொடச்சி எடுத்துச் செலையாக்கிட்டீங்க!"

அடுத்த வெள்ளிக்கிழமை பொட்டு பெட்டியின் மூடிக்கு மாறியது, நான் எழுதிய தேதிக்குப் பக்கத்தில். கருவி இன்னும் அவள் கையில்தான். "போடா, ஒருக்கா விழுந்துட்டு வா" என்று அவனை வேண்டுமென்றே ஆற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு புத்தகத்தோடு என் முறைக்குக் காத்திருக்கிறேன்.