கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

அந்த யோசனை எனக்கு அப்பாவின் ஆட்டோவில்தான் வந்தது. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். டியூஷன் விட்டு வந்த என்னை அப்பா முன்சீட்டில் தன் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டார். பின்னால் பஸ் ஸ்டாண்டில் ஏறிய ஒரு சென்னைக் குடும்பம். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு திரும்புகிறவர்கள். அதில் என் வயசுப் பெண் ஒருத்தி, "நீங்க இங்கயேதான் இருக்கீங்களா? அப்ப டெய்லி பீச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய். எங்கள் வீடு இருந்த நெல்லித்தோப்பிலிருந்து கடல் அப்படியொன்றும் தூரமில்லை; ஆனாலும் நான் அதைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவர்கள் இறங்கிப் போவதற்குள் நான் முடிவே பண்ணிவிட்டேன். நாங்களும் ஒரு சனி, ஞாயிறு சொந்த ஊரான பாண்டிச்சேரிக்கே டூர் போக வேண்டும்.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஆனால் ரெண்டு நாளும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதுதான் திட்டத்தின் முதல் விதி என்றதும், அந்த நிமிஷமே என் கட்சிக்கு வந்துவிட்டாள். அப்பாதான் நழுவினார். சனிக்கிழமை சாயங்காலம் ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள். ஆட்டோக்காரன் லீவு போடுகிற நாளா அது? நான் மூன்று வாரம் விடவில்லை. அவர் சாப்பிடும்போதும் கேட்டேன், பல் தேய்க்கும்போதும் கேட்டேன். நாலாவது சனிக்கிழமை காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கல்யாண வீடுகளுக்குப் போடும் நீலச் சட்டையை எடுத்துப் போட்டார்.

டூரிஸ்ட் சொந்த ஆட்டோவில் வர மாட்டான் என்று நான் சொல்லிவிட்டதால், அப்பாவின் கூட்டாளி ஒருவருடைய ஆட்டோவில் ஏறினோம். "சாருக்கு எந்த ஊரு? மொதல் தடவையா வரீங்களா சார்?" என்றார் அவர். "மூடிக்கினு ஓட்டுடா," என்றார் அப்பா. ஆனாலும் வழி நெடுக, பின்சீட்டில் அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புவதுதான் அப்பாவின் சனிக்கிழமை. அன்று அதைத் தாண்டி நடந்தார். என் திட்டத்தில் மிச்சமிருந்த ஒரே பெரிய காரியம் ஒரு போட்டோ. இருட்டுவதற்குள், கடல் பின்னால் தெரிய, நாங்கள் மூன்று பேரும். திங்கட்கிழமை காட்டுவதாக வகுப்பில் பாதிப் பேரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

சுண்டல் வாங்கிக்கொண்டு நானும் அம்மாவும் குட்டைச் சுவரில் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். அப்பா மட்டும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். தூரத்தில் யாராவது கையைத் தூக்கினால் சட்டென்று நிமிர்ந்தார். பையும் குழந்தையுமாக நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்து, "லாட்ஜு தேடுறாங்க போல," என்று முணுமுணுத்தார்.

"டூரிஸ்ட்டுங்கல்லாம் இப்டி உக்கார மாட்டாங்கப்பா. திரும்பு," என்று அதட்டினேன்.

ஒரு காலைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டார். அப்புறம் இன்னொரு காலை. "காத்து நல்லா வருது பாப்பா," என்றார்.

போட்டோ எடுக்க ஒரு காலேஜ் அண்ணனைப் பிடித்து இழுத்து வருவதற்குள் அவர் தூங்கிவிட்டிருந்தார். தலை அம்மாவின் தோளில். வாய் லேசாகத் திறந்திருந்தது. சுவருக்குக் கீழே கிடந்த பாறைகள் பக்கம் சரிந்துவிடாமல் அம்மா அந்த நீலச் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"எழுப்பாத," என்றாள்.

"வெளிச்சம் போவுதும்மா."

"போவட்டும்."

"அப்ப போட்டோ?"

"நீ நின்னு எடுத்துக்க. நாங்க வர்ல."

ஒற்றை ஆளாக நின்று எடுத்துக்கொண்டேன். அப்பா ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கினார். அம்மா பிடித்த கையை மாற்றவேயில்லை. கடலுக்கு வந்து தூங்குகிற ஒரே மனுஷன் என் அப்பாதான் என்று எனக்கு அழுகையாக வந்தது. மறுநாள் சண்டே மார்க்கெட்டுக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே போனேன். வகுப்பில், போட்டோ எடுத்ததே அப்பாதான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் யாரும் கை காட்டி அவரை நிறுத்த முடியாத இடத்துக்கு நான்தான் கூட்டிப்போயிருந்தேன். மூன்று வாரம் தொண்டை வறளக் கேட்டதற்கு, டூர் பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே உர்ரென்று உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அன்றைக்கு அது தெரியவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. அப்பா இன்னும் ஆட்டோ ஓட்டுகிறார். சனிக்கிழமை என்றால் இன்னும் நழுவுகிறார். எனவே கேட்பதை விட்டுவிட்டேன். இப்போது நான் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறேன். வரும் சனிக்கிழமைக்குக் கடலைப் பார்த்த மாதிரி ஒரு ரூம் போட்டிருக்கிறேன். அம்மாவைக் காலையிலேயே கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவேன். மூன்று மணிக்கு லாட்ஜ்காரர் அப்பாவுக்கு போன் பண்ணி, ஒரு சவாரி இருக்கிறது, மாடிக்கு வந்து பெட்டியை இறக்க வேண்டும் என்று சொல்வார். சவாரி என்றால் வந்துவிடுவார். கதவைத் திறந்ததும் அவர் கையிலிருந்து ஆட்டோ சாவியைப் பிடுங்கப்போவது யார் என்பதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.