பெரிய மாப்பிள்ளையின் நெய்

எழுபதுகளின் கடைசியில் என் சகலைக்கும் எனக்கும் ஒரே வருஷத்தில் மஞ்சள் காமாலை வந்தது. இருவருக்கும் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரே ஷாப்பில் வேலை. அவர் மேஸ்திரி, நான் ஈரத்தோல் அடுக்குகிறவன். இருவரும் கீழாநெல்லி குடித்தோம், உப்பில்லாப் பத்தியம் இருந்தோம். கண் வெளுத்ததும் எங்கள் உடம்பைத் தேற்ற மாமியார் குடியாத்தத்திலிருந்து வந்து இறங்கினார்.

பெரிய மாப்பிள்ளை இலையில் நெய் குளமாக நிற்கும். கூடவே ஆற்காட்டு மக்கன் பேடா, கரும்புச் சாறு, குளுக்கோஸ். எனக்கு ரசம் சாதம். கேட்டால், "சின்ன மாப்பிள்ளைக்கு ஒல்லி ஒடம்பு, நெய் செரிக்காது" என்பார். ஊற்றிப் பார்த்தால்தானே தெரியும்? மனைவியிடம் பொருமினேன்.

"ஒரு பேடாவுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றாள். பேடாவா எனக்குப் பிரச்சினை!

காமாலை போய் வருஷக்கணக்கான பிறகும் உபசாரம் நிற்கவில்லை. பொங்கல், தீபாவளிக்குக் குடியாத்தம் போனால் அவருக்கு அதே நெய், எனக்கு அதே ரசம். அவருக்குக் கன்னம் பளபளத்தது, தொப்பை சட்டையை முட்டியது.

"ஈரல் நல்லாயிடுச்சு, ஒடம்பே சொல்லுது பாரு" என்று மாமியார் தெருவுக்கே அவரைக் காட்டுவார். எனக்கு வயிறு எரியும்.

எண்பதுகளின் கடைசியில் ஷாப்பில் ஒருவருக்கு மெஷினில் கை மாட்டியது. ரத்தம் கொடுக்க வேலூர் போனோம். எங்கள் இருவர் ரத்தத்தையும் வேண்டாம் என்றார்கள். கண் மஞ்சள் போனாலும் காமாலைக் கிருமி போகவில்லையாம். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். முடிவு தெரியும் நாளில் மாமியாரும் வந்தார், யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் முதலில் கூப்பிட்டதும் பெரிய மாப்பிள்ளையைத்தான். "குடிப்பீங்களா?"

"தொட்டதே இல்ல சார்."

"ஈரல் பூரா கொழுப்பு. ஏற்கெனவே கிருமி கெடுக்குது, இது வேற. நெய், இனிப்பு நிறுத்துங்க, எடையக் குறைங்க. இல்லன்னா ஈரல் சுருங்கிடும்."

என்னிடம், "கிருமி இருக்கு, கொழுப்பு இல்ல. வருஷா வருஷம் வந்து காட்டுங்க" என்றார்.

மாமியார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். "என் கையாலயே ஊட்டிக் கெடுத்துட்டேனே!" மறுநாளே பெட்டியோடு வந்து பெரிய மாப்பிள்ளை வீட்டில் தங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் ஷாப்பில் சாப்பிட உட்கார்ந்தோம். என் டப்பாவில் மீன் வறுவல். அவர் தூக்கில் கொள்ளுக் கஞ்சி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன்னப் பாத்தா பொறாமையா கீதுப்பா. உன் ஈரல்ல ஒரு கொறைதான், என்னுதுல ரெண்டு."

பொறாமை என்ற அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்கத்தான் இத்தனை வருஷம் ஏங்கினேன். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. அவர் பயந்திருந்தார்.

கஞ்சியில் இன்னும் ஆவி பறந்தது. அந்த வெயிலில் மாமியாரே நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். என் உடம்பிலும் அதே கிருமி இருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்று மாமியார் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.