கையில் இருந்த பாஸ்

எனக்கு இ-பாஸ் கிடைத்தது. கிடைக்கவில்லை என்று என் அக்காவிடம் சொன்னது பொய்.

இதைத்தான் சொல்ல வந்தேன். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எங்காவது நழுவிவிடுவேன்... என்னை எனக்குத் தெரியும்.

நீங்கள் உடனே கேட்பீர்கள்: கொரோனாக் காலத்தில் ஊருக்குப் போகாமல் இருந்தது ஒரு குற்றமா? நல்லதுதானே செய்தாய்?

ஆமாம், நல்லதுதான்! என் எரிச்சலே அதுதான். போகாமல் இருந்தது சரி என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் சொல்வார்கள். அந்தச் சரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் செய்ததை ஒருவரும் கேட்பதில்லை. நானே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது நான் சென்னையில், அம்பத்தூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஊரடங்கிலும் எங்களுக்கு வேலை உண்டு. என் அக்கா தனம் மரக்காணத்தில் இருக்கிறாள். அவளும் அவள் கணவரும் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர்கள். எங்களுக்கு அப்பா அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான். அவளுக்கு ஒரே மகள், சுதா. அப்போது பதின்மூன்று வயது.

மே மாதத்தில் ஒரு காலை அக்கா போன் செய்தாள்.

“டேய், நம்ம சுதா பெரிய மனுஷி ஆயிட்டாடா! நீ வந்து ஓலை கட்டணும். கெளம்பி வா.”

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் பச்சைத் தென்னை ஓலையில் ஒரு குச்சு கட்ட வேண்டும். அதற்குள் பெண்ணை உட்கார வைப்பார்கள். பதினோராம் நாள் மாமன் சீர் வைத்து, மஞ்சள் நீர் ஊற்றி, அதன் பிறகுதான் வீட்டுக்குள் அழைப்பார்கள். மாமன் வந்து ஓலையைத் தொடும்வரை எதுவும் தொடங்காது. அதுவரை வீட்டுக்குப் பின்னால், விறகு போட்டு வைக்கும் சார்ப்பில், மேலே கிழிந்த தார்ப்பாயுடன் சுதா உட்கார்ந்திருந்தாள். அக்கா கணவர் அன்றைக்கே நான்கு தென்னை மட்டைகளை வெட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். நான் வந்து கட்ட வேண்டியதுதான் பாக்கி!

மாவட்டம் தாண்டுவதற்கு அப்போது இ-பாஸ் வேண்டும். விண்ணப்பத்தில் காரணம் கேட்பார்கள். திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம்... தாய்மாமன் ஓலை கட்டுவதற்கு அதில் கட்டமே கிடையாது. திருமணம் என்று போட்டேன். பத்திரிகை எங்கே என்றார்கள். மறுநாளே நிராகரித்துவிட்டார்கள்.

அக்காவிடம் சொன்னேன்.

“ஏன்டா, அந்த ஆபீசருக்கு ஒரு தாய்மாமன் இல்லியா?” என்று கத்தினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் சார்ப்புக்குள்ளிருந்து சுதாவும் சிரித்தாள். மறுபடி கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். “மாமா, அந்த அப்ளிகேஷன் நம்பரச் சொல்லு. நானே தெனமும் பாத்துச் சொல்றேன்” என்றாள். சொன்னேன். அது உண்மையான எண்தான். அதுவரை நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

கூட வேலை செய்த ஒருவர் யோசனை சொன்னார்: “மருத்துவம்னு போடுங்க, உடனே குடுத்துடுவாங்க.” அக்காவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று என் போனில் படமாக இருந்தது. அதை இணைத்துப் புதிதாக விண்ணப்பித்தேன். அதற்கு வேறு எண். நெருங்கிய உறவினருக்கு உடல்நிலை மோசம் என்று எழுதினேன்.

இரண்டாம் நாள், சாப்பாட்டு நேரத்தில், பாஸ் வந்துவிட்டது! என் பெயர், என் பைக் நம்பர், எல்லாம் அதில் இருந்தது. ஒரு வாரம் செல்லும். ஈ.சி.ஆர். ரோட்டில் போனால் மூன்று மணி நேரத்தில் மரக்காணம்.

அன்று மாலை பைக்கைக் கழுவினேன். டயருக்குக் காற்றுகூட அடித்தேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு...

போனால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினாலு நாள் அடைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். திரும்பி வந்தால் வீட்டு உரிமையாளர் கதவைத் திறக்க மாட்டார் என்று நினைத்தேன். போகிறவன் அப்படியே போய்விடலாம் என்று சூப்பர்வைசர் சொன்னதையும் நினைத்தேன். எல்லாமே உண்மை. ஆனால் இதெல்லாம் விண்ணப்பிக்கும்போதே எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்தும் ஏன் விண்ணப்பித்தேன்?

கிடைக்காது என்ற நம்பிக்கையில்தான். கிடைத்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது.

கிடங்கில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் நான்கு நாளாக வேலைக்கு வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு ஒட்டியிருந்தால், அதை நான் கொண்டுபோய் அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவேனே என்று அஞ்சினேன்... இப்படி எழுதத்தான் ஆசை. எழுதினால் நீங்கள் என்னை மன்னித்தும் விடுவீர்கள். ஆனால் நடந்தது அது இல்லை. நான் ஊரில் போய்ப் படுத்துவிட்டால் சென்னையில் கிடைக்கிற வைத்தியம் அங்கே கிடைக்குமா என்றுதான் பயந்தேன். என் உயிர்! அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அக்கா கேட்டாள்: “என்னடா ஆச்சு?”

“இன்னும் வரலக்கா. திரும்பவும் அதே நம்பர்ல கேட்டிருக்கேன். இன்னைக்கோ நாளைக்கோ வந்துடும்.”

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள்! நாக்கு குழறவில்லை. அரசாங்கம் என்ற ஒன்று இருந்தது, அதன் தலையில் போட்டேன்.

ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. ‘அக்கா, எனக்குப் பயமா இருக்கு, நான் வரல.’ திட்டியிருப்பாள். ஒரு வருடம் பேசாமல்கூட இருந்திருப்பாள். ஆனால் மறுநாளே பக்கத்துத் தெருவில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகன் முருகனைக் கூப்பிட்டு ஓலை கட்டியிருப்பாள். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான். ஆனால் கூடப் பிறந்தவன் ‘நாளைக்கு வந்துவிடுவேன்’ என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் எப்படி முருகனைக் கூப்பிடுவாள்? கூப்பிட்டால் எனக்கு மரியாதைக் குறைவு என்று எனக்காகக் காத்திருந்தாள்!

வராமல் இருந்ததற்காக இல்லை. அவர்களைக் காத்திருக்க வைத்தேனே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதினோராம் நாள் போயிற்று. பதினாறாம் நாளும் போயிற்று. சுதா தினமும் காலையில் அந்த எண்ணை அடித்துப் பார்த்து, திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவாள். சிவப்பு எழுத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று இருக்கும். கீழே எழுதியிருப்பாள்: “இன்னிக்கும் அதேதான் மாமா. நீ கவலப்படாத.”

நான் பதிலுக்கு ஓர் அழுகிற முகப் பொம்மையை அனுப்புவேன். அவள் அனுப்பும் படங்கள் எல்லாம் என் போனில் போய்ச் சேர்கிற அதே இடத்தில்தான் அந்தப் பாஸும் இருந்தது. ஒரு வாரம் கழிந்து அது காலாவதியானபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி நான் சொல்வது பொய் இல்லையே!

இருபதாம் நாள் மத்தியானம் அங்கே கோடை மழை பிடித்துக்கொண்டது. அக்காவும் கணவரும் அளத்தில் இருந்தார்கள். வாரிக் குவித்த உப்பு மழையில் கரைந்தால் பல நாள் உழைப்பு போச்சு. அவர் வீட்டுக்கு ஓடி வந்து, மூட என்ன கிடைக்கும் என்று தேடியிருக்கிறார். சுவரில் சாய்த்து வைத்திருந்த தென்னை மட்டைகள் கண்ணில் பட்டன. நான் கட்டுவதற்காக வெட்டியவை. பச்சை போய்ச் சருகாகக் கிடந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உப்புக் குவியலுக்கு ஓலை கிடைத்துவிட்டது.

சார்ப்பின் தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. சுதா வீட்டுக்குள் போகவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. பூட்டக்கூட இல்லை! சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மழை விடும்வரை நின்றிருக்கிறாள்.

“உள்ள போயிருக்கலாமில்ல?” என்று பிறகு நான் கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை!

“நீ வர்றதுக்குள்ள உள்ள போவக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு மாமா. நீதான் நாளைக்கு வந்துடுவேன்னு சொன்னியே.”

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். அந்த நாட்களில் காய்ச்சல் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் தகவல் சொல்லி, சுகாதாரப் பணியாளர்கள் வந்தார்கள். தெரு முனையைத் தகரம் அடித்து மறித்தார்கள். வந்தவர்கள் அக்காவிடம் கேட்டார்களாம்: “வீட்டுக்குச் சென்னைலேர்ந்து யாராவது வந்தாங்களாம்மா?”

“எங்க தம்பி வரணும்னுதாங்க இத்தினி நாளா உக்காந்திருக்கிறோம். வரவே இல்லீங்க.”

மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை சுதாவைத் தனியாகப் பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். வயதுக்கு வந்து மஞ்சள் நீர்கூட ஊற்றாத பெண். முன்பின் தெரியாதவர்கள் நடுவே மூன்று நாள். அக்கா பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

நெருங்கிய உறவினருக்கு உடல்நிலை மோசம் என்று நான் எழுதிக் கொடுத்தது பலித்துவிட்டது! என் வாயை எதால் கழுவுவது?

அன்றே மறுபடி விண்ணப்பித்தேன். இந்த முறை பயம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இல்லை. நிஜமான காரணம், நிஜமான பதற்றம். நிராகரித்துவிட்டார்கள். இந்த முறை நிஜமாகவே! யாரிடம் போய்க் கத்துவது? அக்காவிடம் சொன்னால், “இதத்தானேடா இத்தினி நாளா சொல்ற” என்பாள். சுவரைக் குத்தினேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

நான்காம் நாள் முடிவு வந்தது. கொரோனா இல்லை. வெறும் மழைக் காய்ச்சல். சுதாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றே முருகன் வந்து நான்கு மட்டையை வெட்டி, குச்சு கட்டி, மஞ்சள் நீர் ஊற்றச் செய்தான். எனக்குப் படம் அனுப்பினார்கள். மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அவன் முகக்கவசத்தோடு நிற்கிறான். சுதா கன்னம் ஒட்டிப்போய், புதுப் பாவாடை தாவணியில் போனைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்க்கிறாள்.

சரி, அதோடு முடிந்துவிட்டதா என்றால்... இல்லை! எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அக்கா என்னைக் காட்டிச் சொல்வாள்: “பாவம், எங்க தம்பி எவ்ளோ அலைஞ்சான் தெரியுமா? பாழாப்போன பாஸ் குடுக்கலியே!” கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். முருகன் மட்டும் எழுந்து போய்விடுவான். முறை செய்தவன் அவன், பெயர் எனக்கு.

இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். ஒருமுறை அக்கா மீன் குழம்பை என் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை அவள் கணவர் பக்கத்தில் இருந்தார். இவையெல்லாம் ஒரு காரணமா? சொல்லுங்கள்! இப்போதும் பாருங்கள், அவளிடம் சொல்லாமல் உங்களிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் வழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சுதா இப்போது பாண்டிச்சேரியில் கல்லூரிக்குப் போகிறாள். பஸ்ஸில் போய் வருகிறாள், வாயாடி! அளத்தில் புதுப் பாத்திகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று குடும்பமாக ஒரு படம் எடுக்கலாம் என்று சொல்லி, தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு அம்மா அப்பாவுக்கு நடுவில் போய் நின்றாள்.

போன் பூட்டியிருந்தது.

“லாக் நம்பர் என்னம்மா?”

“உனக்குத் தெரிஞ்சதுதான் மாமா.”

அவள் பிறந்த வருடத்தைப் போட்டேன். திறக்கவில்லை. என் பைக் நம்பரைப் போட்டேன். அதுவும் இல்லை.

“அய்ய, மறந்துட்டியா? உன் பாஸ் நம்பரு மாமா! கடைசி நாலு. தெனமும் அடிச்சு அடிச்சு மனப்பாடம் ஆயிடுச்சு, அதையே வெச்சுட்டேன். ஏழு ஒண்ணு மூணு ஆறு.”

“அவனுக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும்? எத்தினி தடவ போட்டானோ!” என்றாள் அக்கா.

நான்கு எண்களையும் அழுத்தினேன். போன் திறந்தது.

“சிரிங்க” என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். எடுத்துக் கொடுத்தேன்.