ஏலத்துக்குப் போன தையல் இயந்திரம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டேகால் மணிக்குத்தான் எல்லாம் கெடத் தொடங்கியது. எங்கள் ஊரான காஜா பேராங்கில் தேவாலயக் கூரைக்காகக் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். நான் கொடுத்தது என் மகள் எஸ்தரின் தையல் இயந்திரம். மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைகளை அவள் அதில்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கொடுங்கண்ணே. நானே ஏலத்துல எடுத்து, சாயங்காலமே உங்க வீட்டுல விட்டுடறேன். காசை அப்புறம் கொடுங்க, யாருக்குத் தெரியப்போவுது?" என்று நண்பர் தேவராஜ் சொல்லியிருந்தார். அந்தப் பணத்தை நேராக உண்டியலில் போட்டிருந்தால் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். நான் கைதட்டலுக்கு ஆசைப்பட்டேன். "மனசாரக் கர்த்தருக்குக் கொடுக்கிறேன்" என்று சபைக்கு முன் சாட்சியும் சொன்னேன்.

தேவராஜ் ஏலத்தில் எடுத்தார். ஆனால் இயந்திரம் அவர் வீட்டுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை வரை ஆளைக் காணவில்லை.

"சட்டையெல்லாம் பாதியில கிடக்குப்பா. என்னைக் கேக்காமலே கொடுத்துட்டீங்களே" என்றாள் எஸ்தர். நண்பர் செய்தது துரோகம்தான். ஆனால் அவளை முதலில் ஏமாற்றியவன் நான்தான்.

புதன்கிழமை தேவராஜ் வெறுங்கையோடு வந்தார். நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை.

"கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமாண்ணே? வேணும்னா வாங்க, ரெண்டு பேரும் போதகர்கிட்டயே போய்க் கேப்போம்."