பத்தாயிரத்து ஏழு

என் அக்காள் வீட்டுக்காரரைத் தொழிற்சாலையில் 'மீதி' என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்குழந்தைகளுக்கான கண்ணாடிப் பால் புட்டி செய்கிற இடம். மாமா புட்டிகளைப் பெட்டியில் அடுக்குவார், பக்கத்திலேயே நான் லேபிள் ஒட்டுவேன். எந்திரத்தின் ஒரு ஓட்டத்தில் வந்த புட்டிகள் அத்தனையும் ஒரே அளவுப் பெட்டிகளில் அடங்க வேண்டும், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் கம்ப்யூட்டர் லாரிக்குச் சீட்டுத் தராது. சீட்டு வராமல் அடுக்கியவர் வீட்டுக்குப் போக முடியாது. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ!

வழக்கமாக எந்திரத்தை 10,080இல் நிறுத்துவார்கள். தங்கமான எண். இருபது, இருபத்து நாலு, முப்பது, முப்பத்தாறு என்று எந்த அளவுப் பெட்டியைக் காட்டினாலும் மீதியில்லாமல் வகுபடும்.

அன்று மாமாவின் மகளுக்குப் பிரசவ வலி. ரத்தப்போக்கு நிற்கவில்லை, உடனே வாருங்கள் என்று அக்காவிடமிருந்து போன். அந்த நேரம் பார்த்து எந்திரம் பழுதாகி 10,007இல் நின்றது.

மாமா அட்டையின் பின்பக்கம் வகுத்து வகுத்துப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது.

"பகா எண் மாப்ள. எதாலயும் வகுபடாது."

சூப்பர்வைசரிடம் ஓடினோம். "என் கையில என்னய்யா இருக்கு? கம்ப்யூட்டர்ல போய்க் கேளு" என்றார் அந்த மகானுபாவர்.

எண்ணுகிற மீட்டர் ஒரு எண் கூடவோ குறையவோ காட்டுவது சகஜம் என்பதால், ஒரே ஒரு புட்டியைக் கூட்டவோ குறைக்கவோ கம்ப்யூட்டர் விடும். குறைத்தால் 10,006. அதைப் பாதியாக்கினால் 5,003, அதுவும் பகா எண்! கூட்டினால் 10,008, இருபத்து நாலு வீதம் 417 பெட்டி, கச்சிதம். மாமா எங்கிருந்தோ ஒரு புட்டியைக் கொண்டுவந்து அடுக்கோடு வைத்தார். சீட்டு வந்தது. விழுந்தடித்து ஓடினார்.

ஒரு மணி நேரத்தில் போன். "மாப்ள, வண்டிய நிறுத்து. அந்தப் புட்டிய கழிவுக் கூடையிலேருந்து எடுத்தேன். வாயோரம் விரிசல் இருக்கு."

"உங்களுக்கு அறிவிருக்கா மாமா? எந்தப் பெட்டி?"

"தெரியலையே. எல்லாம் கலந்து போச்சே."

லாரி வாசலில்தான் நின்றது. சூப்பர்வைசரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் திரையைத் தட்டிக் காட்டினார்.

"மீதி சைபர். சரியா இருக்கிற கணக்கை நான் எதுக்குக் கெடுக்கணும்? போய் வேலையப் பாரு."

லாரி போய்விட்டது. எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. அறைந்து என்ன செய்ய?

மாமா மறுபடி கூப்பிட்டார். பெண் குழந்தை, தாயும் பிழைத்துக்கொண்டாளாம். "வண்டி?" என்றார்.

"போயிடுச்சு மாமா."

போனில் குழந்தை வீரிடுவது கேட்டது. "அம்மா இன்னும் மயக்கத்துல இருக்காங்க. தாத்தா, நீங்க இந்தப் புட்டிப் பாலைக் குடுங்க" என்றாள் நர்ஸ்.

"என்னால முடியாதும்மா" என்று மாமா அழுதார். "வேற யாரையாவது குடுக்கச் சொல்லு."