பழைய ஸ்டேசனும் ஒரு வடைமாலையும்

என் மகளுக்கு என்ன வேலை என்று கோயிலில் யாராவது கேட்டால், "கை பழக்கிறவள்" என்று சொல்வேன். பரதநாட்டியம் படிப்பிக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் திருத்துவதில்லை. விளங்கப்படுத்தத் தொடங்கினால் பூசை முடிந்துவிடும்.

விஷயம் இதுதான். வானத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டு ஒரு ஸ்டேசன் இருக்கிறது. ஆட்கள் அதற்குள் இருந்து சமைத்து, சாப்பிட்டு, ஆராய்ச்சி செய்கிறார்கள். அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், ஐரோப்பா, கனடா என்று ஐந்து பகுதியும் சேர்ந்து கட்டியது. மற்றவர்கள் அறைகள் கொடுத்தார்கள். கனடா ஒரு பெரிய இயந்திரக் கை கொடுத்தது. சாமான் தூக்கவும், வருகிற கப்பலை எட்டிப் பிடிக்கவும் அந்தக் கைதான். அதை ஆட்டிப் பழக எந்த நாட்டுக்காரரும் மொன்றியலுக்கு வருவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்தில் என் மகள் அவர்களுக்குப் பழக்கினாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். என் வயிற்றில் பிறந்தவள் வானத்துக்குப் போகிறவர்களுக்கு வாத்தியார் என்பதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. இருந்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மொன்றியலின் மேற்குப் பக்கம், ரொக்ஸ்பரோவில் அவளுடைய வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். கலியாணம் வேண்டாம் என்றுவிட்டாள். மகன் நகரத்தின் மறுபக்கம், செயின்ட்-மிஷேலில் இருந்தான். எங்கள் பகுதியில் தாய் மகளோடு இருப்பதுதான் வழக்கம், அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மகன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றிருப்பேன். மருமகளோடு ஒரு சொல்லில் முறிந்திருந்தது.

ஸ்டேசனுக்கு ஆட்களைக் கொண்டுபோகிற ஷட்டிலை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலம். ஒரு நாள் மகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"அம்மா, ஸ்டேசனை எவ்வளவு காலம் வச்சிருக்கிறது எண்டு கதை நடக்குது. ஒப்பந்தத்தில இன்னும் கொஞ்ச வருசம்தான் கிடக்கு. பேந்து கடலுக்க விழுத்திறதோ, நீட்டிறதோ எண்டு எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கவேணும்."

"இன்னும் கட்டி முடியேல்லை எண்டாய். அதுக்குள்ள விழுத்தப் போறாங்களோ?"

"முதல் துண்டு போய்ப் பத்து வருசம் தாண்டீட்டுது. மேல எல்லாம் கெதியாப் பழசாப்போகும்."

"விரும்பினவை வச்சிருக்கட்டும், விருப்பமில்லாதவை போகட்டுமன்."

"ஏலாது. ரஷ்யாவின்ர இஞ்சின் தள்ளாட்டி அது கீழ வந்திடும். அமெரிக்காவின்ர கரண்ட் இல்லாட்டி இருட்டு. ஒருத்தரும் தனிய நடத்தேலாது."

"அப்ப கோவிச்சுக்கொண்டு போகவும் ஏலாது?"

"ஏலாது."

"நல்ல குடும்பம்."

அவள் சிரித்தாள். "நானும் அண்ணையும் உங்களைப் பற்றி மாசாமாசம் போனில வைக்கிற மீட்டிங் மாதிரித்தான். உங்களுக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் குடுப்பம், பயப்பிடாதேங்கோ."

நானும் சிரித்தேன். ஆனால் அப்படி ஒரு மீட்டிங் நடப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமானதைச் சொன்னாள். நாடுகள் ஒத்துக்கொண்டு ஸ்டேசனை நீட்டினால், மொஸ்கோவுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் கனடாவின் ஆளாக ஒருவர் போய் இருக்கவேண்டும். ரஷ்யாக்காரரும் மற்றவர்களும் வானத்துக்குப் போக ஒன்றாகப் பழகும் இடமாம். அந்த வேலைக்கு இவளுடைய பெயர் அடிபடுகிறதாம். சொல்லும்போது அவளுடைய கண் சின்னப் பிள்ளையின் கண் மாதிரி இருந்தது.

"அம்மா, ஸ்டேசன் நிக்கவேணும் எண்டு வைரவருக்கு ஒரு நேர்த்தி வையுங்கோ."

எங்கள் ஆட்களுக்கு வைரவருக்கு நேர்வது என்றால் வடைமாலைதான். உளுந்தை அரைத்து, மிளகு போட்டு, நடுவில் ஓட்டை வைத்துச் சுட்டு, நூலில் கோத்து அவர் கழுத்தில் போடுவது. காரியம் ஆனால் போடவேண்டும். ஆகும்வரை என்ன கேட்டோம் என்று வாய் திறக்கக்கூடாது. சொன்னால் பலிக்காது என்பார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வைரவருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மகள் சொல்லிவிட்டதைத்தான் கேட்கப் போனேன், சத்தியமாக. ஆனால் கண்ணை மூடியதும் பெட்டி அடுக்கிக்கொண்டு அவள் விமானத்துக்குப் போவதும், நான் செயின்ட்-மிஷேலில் மருமகள் சமைக்கிற குசினி வாசலில் நிற்பதும் வந்துவிட்டது. வாய்க்குள் வந்தது வேறு. "வைரவா, அந்த ஸ்டேசன் விழட்டும். என்ர பிள்ளை என்னோடையே இருக்கட்டும். வடைமாலை போடுறன்."

கண்ணைத் திறந்தபோது மகள் கார்ச் சாவியோடு பின்னால் நின்றாள்.

"கேட்டாச்சோ?"

"ஓம்."

"நல்லா வடிவாக் கேட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை, வடிவாக் கேட்டன்."

அவள் என் தோளைச் சுற்றிக் கை போட்டாள். அந்தக் கை சுட்டது.

அந்தக் கிழமையே இரண்டு பேரைச் சாப்பிடக் கூட்டிவந்தாள். ஒருவர் வயதான ரஷ்யாக்காரர். மற்றது இளம் ஜப்பான்காரப் பெண். கையை ஆட்டிப் பழக வந்தவர்கள். சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு வைத்திருந்தேன். இரண்டு பேரும் கையால்தான் சாப்பிடுவோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ரஷ்யாக்காரர் பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை, மடியில் விழுந்தது.

"நாள் முழுக்கக் கை பழக்கிறாய். இவைக்குச் சொந்தக் கை பழகேல்லையே" என்றேன்.

மகள் அதை இங்கிலீசில் சொன்னாள். அந்த மனிதர் கத்தரிக்காய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சாப்பிட்டு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, ரஷ்யாவிட்டை முந்தியும் ஒரு ஸ்டேசன் இருந்தது. பழசாப்போச்செண்டு கடலுக்க விழுத்தினவை. இவர் அதில வேலை செய்தவர். விழுத்தேக்க, கீழ இருந்து அதை நடத்திற அறைக்குள்ள இருந்தவராம். அதின்ர சத்தம் வாற ஸ்பீக்கர் நிண்ட பிறகும் ஒருத்தரும் எழும்பேல்லையாம்."

அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். "பழசெண்டா விழுத்தத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டேன்.

மகள் என்னைப் பார்த்தாள். "இதை நான் சொல்லமாட்டன், அம்மா."

நான் என்ன சொன்னேன் என்று அந்த மனிதர் கேட்டார். அவள் என்னவோ சொன்னாள். அவர் எழும்பி, இரண்டு கையையும் கூப்பி, "நன்றி" என்று தமிழிலேயே சொன்னார். அவள் பழக்கி வைத்திருக்கிறாள். நான் என்ன சொன்னதாக அவள் அவருக்குச் சொன்னாள் என்று இன்றுவரை கேட்கவில்லை. என் கையால் சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்ன மனிதனுடைய இரண்டாவது ஸ்டேசனையும் விழுத்தச் சொல்லி நேர்ந்துவிட்டு நிற்கிறேன். பாத்திரம் கழுவும்போது தண்ணீரை நிறையத் திறந்துவிட்டேன், நான் மூக்கை உறிஞ்சுவது அவளுக்குக் கேட்கக்கூடாது என்று.

பனி கரைந்த பிறகு நாடுகள் ஒத்துவருகிற மாதிரிக் கதை வந்தது. நீட்டத்தான் போகிறார்களாம். மகள் துள்ளிக்கொண்டு வருவாள் என்று பார்த்திருந்தேன். வந்தவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "ஸ்டேசன் நிக்குமாம் அம்மா. உங்கட நேர்த்தி பலிச்சிட்டுது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

கதவு முழுக்கச் சாத்தவில்லை. போனில் மேலதிகாரியோடு பிரெஞ்சில் கதைத்தாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. கடைக்காரனுக்கு போன்ஜூர், மெர்சி சொல்லத் தெரியும். அதோடு இன்னும் ஒன்று தெரியும். டொக்டரிடம் போகும்போதெல்லாம் என்னைக் காட்டி அவள் சொல்வது: மா மேர். என்னுடைய அம்மா.

அன்றைக்கு அந்த மா மேர் மூன்று நாலு முறை வந்தது. நடுவில் அவள் மூச்சை இழுத்து விட்டாள். பிறகு "நோ" என்றாள். அது எந்தப் பாஷையிலும் விளங்கும்.

வெளியே வந்தவளிடம் கேட்டேன். "ரஷ்யாவுக்கு எப்ப?"

"நான் போகேல்லை. வேற ஆரும் போவினம்."

"ஏன்?"

"சரியான குளிராம் அம்மா."

"மொன்றியலில இல்லாத குளிரோ?"

"அது வேற குளிர்" என்று சொல்லித் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தாள். முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றாள்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். வைரவர் என்னுடைய நேர்த்தியைப் பாதி பாதியாக உடைத்திருந்தார். ஸ்டேசன் விழவில்லை. பிள்ளை என்னோடு இருக்கிறாள். வடைமாலை போடவேண்டுமா, இல்லையா? போடுவதென்றால் எதற்குப் போடுவது? என் பிள்ளை ஆசைப்பட்டதை விட்டதற்கா?

"எப்ப அம்மா வடை சுடுவம்? உளுந்து வாங்கவோ?" என்று அவளே கேட்டாள்.

"பேந்து பாப்பம்" என்றேன். அந்த உளுந்தை என்னால் ஊறப்போட்டிருக்க முடியாது.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு என் மருந்துப் பையையும் இரண்டு சேலையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அதுவரை தனியாக எங்கும் போனதில்லை. ரொக்ஸ்பரோவில் ரயில் ஏறி, நகரத்தில் இறங்கி, மெட்ரோ பிடித்து, நீலக் கோட்டுக்கு மாறினேன். செயின்ட்-மிஷேல் அந்தக் கோட்டில் கடைசி ஸ்டேசன். அதனால் தவறவிட வழியில்லை. வெளியே வந்து கறுப்பினப் பெண் ஒருத்தியிடம் மகனின் விலாசத்தைக் காட்டினேன். அவள் என் பையைப் பறித்துத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

கதவைத் திறந்தது மருமகள். அவள் சென்னைக்காரி, இங்கே படிக்க வந்தவள். இப்போது கொம்பியூட்டர் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாள். எங்களுக்குள் ஒரு சொல்லில் முறிந்தது என்றேன் அல்லவா, அது இதுதான். கலியாணம் முடிந்த கையோடு அவள் என்னை "அத்தை" என்று கூப்பிட்டாள். எங்கள் பகுதியில் மாமியாரை மாமி என்பதுதான் முறை. "எனக்கு அத்தை எண்டு பேரில்லை. மாமி எண்டு வாய் வராதோ?" என்று சபையில் வைத்துக் கேட்டுவிட்டேன். அவளுடைய ஊரில் மாமி என்றால் வேறு சாதிப் பெண்ணைச் சொல்வதாம், கேலியும் செய்வார்களாம். எனக்கு அது தெரியாது. அன்றிலிருந்து அவள் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போனில்கூட "இருக்காங்களா?" என்றுதான்.

"என்ன ஆச்சு? தனியாவா வந்தீங்க?" பையை வாங்கிக்கொண்டாள். "போன் பண்ணியிருந்தா கார் எடுத்துட்டு வந்திருப்பேன்ல?"

"நான் இஞ்ச இருக்க வந்தனான். உனக்குச் சரியோ?"

அவள் பையைக் கீழே வைத்தாள். ஏன் என்று கேட்டாள். சொன்னேன், எல்லாவற்றையும். நேர்த்தியையும் சொன்னேன். பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாததை முதலில் இவளிடம்தான் சொன்னேன்.

"சாமிகிட்ட போய் விண்வெளி நிலையத்தை விழ வைக்கச் சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "உள்ள வாங்க. அந்த ரூம்ல வெயில் வரும். எனக்குச் சண்டை போடவும் ஆள் வேணும்."

பின்னேரம் மகள் வந்தாள். வெளிப்படியில் அவள் ஏறிய சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"ஆர் உங்களைப் போகச் சொன்னது? வீடு முழுக்கத் தேடினன். எனக்கு நெஞ்சு நிண்டுட்டுது!"

"நீ நோ எண்டு சொன்னதை மாத்து."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"மா மேர் தெரியும்."

அவள் சோபாவில் இருந்தாள். நான் வைரவரிடம் கேட்டதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் நிமிர்ந்து கேட்டது ஒன்றுதான்.

"அந்த மனுசன் சாப்பிட வந்த நேரமும் உதுதானோ மனசில?"

"ஓம்."

வேறு எதற்கும் அழாதவள் அதற்கு அழுதாள். மருமகள் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். நான் என் பிள்ளையைத் தொடவில்லை. தொட எனக்கு முகம் இல்லை.

கொஞ்ச நேரத்தால் மகள் போனை எடுத்துக்கொண்டு வெளிப்படிக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நான் நின்றேன். பிரெஞ்சில் கனநேரம் கதைத்தாள். இந்த முறை எனக்குத் தெரிந்த சொல் ஒன்றும் வரவில்லை. வேறு ஆளை எடுத்துவிட்டார்களோ என்று கண்ணாடியில் காதை வைத்தேன். அவள் திரும்பிக் கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது.

"போறன்" என்றாள்.

வீட்டை விட்டுப் புறப்படுகிற யாரும் எங்களில் அப்படிச் சொல்வதில்லை. போட்டு வாறன், போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்லவேண்டும். வேறு நாளென்றால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பேன். அன்றைக்கு, "ஓம் பிள்ளை, போ" என்றேன்.