ஜெனிலாவும் தருவைகுளத்துக் கிருமியும்

மகளுக்கு என்ன வேலை என்று புன்னைக்காயலில் யாராவது கேட்டால், "கிருமிக்கு ஞானஸ்நானச் சீட்டு எழுதுறா" என்பாள் ஆனி. கேலிக்குச் சொன்னதுதான், ஆனால் அப்படியொன்றும் தப்பில்லை. தூத்துக்குடியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில், காசநோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்தெடுத்த கிருமியின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிப்பது ஜெனிலாவின் வேலை. எந்தக் கிருமி எந்தக் கிருமியின் வழி வந்தது, எந்த மருந்துக்குப் பணியும், எதற்குப் பணியாது என்பதெல்லாம் அதில் தெரியும். நோயாளியோடு ஒரே வீட்டில், ஒரே படகில் இருந்தவர்களின் ரத்தத்தையும் வாங்கி, வெள்ளையணுக்களுக்குள் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்ப்பாள். கிருமி உள்ளே போய்ச் சும்மா கிடக்கிறதா, சண்டை நடந்துகொண்டிருக்கிறதா என்பதை அந்த அணுக்கள் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும்.

அப்பா ரோச் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் இருந்தவர். அவர் கரைக்கு வரும்போதெல்லாம் கல்லூரிக் கட்டணத்தோடு வந்தார். ஜெனிலா விலங்கியல் படித்து, சென்னையில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, அங்கேயே வேலை இருந்தும் புன்னைக்காயலுக்கே திரும்பி வந்துவிட்டாள். நெருங்கிப் பழகியவர்கள் அவளைச் சந்தேகப்பிராணி என்பார்கள். குழப்பமான முடிவு வந்தால் பொறுமையாக இருப்பாள். சுத்தமான முடிவு வந்தால்தான் நம்ப மாட்டாள். எங்கேயோ ஒரு சொட்டு இன்னொரு குழாயில் விழுந்திருக்குமோ என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கிய வாரம் விஜிலா மாடிப்படியில் வந்து நின்றாள். புன்னைக்காயல் பெண், தருவைகுளத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவன் ரெக்சன், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கு கடலுக்குப் போகும் விசைப்படகில் டிரைவர். போன வருடம் அவனுக்குக் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை முடித்து, குணமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது மறுபடியும் சளியில் கிருமி.

"அக்கா, பழைய சளியையும் புதுச் சளியையும் மெஷின்ல போட்டுப் பாக்கியளாம். அவரு மாத்திரையத் தின்னாரா இல்லையான்னு அதுல தெரியுமா?"

"அப்படி நேரா தெரியாது, விஜிலா."

"தின்னேன்னு பிள்ளைக தலையில அடிச்சிச் சத்தியம் பண்ணுதாரு. அது பொய்யின்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். சீக்கோட இருக்கலாம். பிள்ளைக மேல பொய்ச் சத்தியம் பண்ணுதவரோட இருக்க முடியாது."

நோயாளியின் முடிவை நோயாளிக்கும் மருத்துவம் பார்ப்பவர்களுக்கும்தான் சொல்ல முடியும் என்று ஜெனிலா சொன்னாள். விஜிலா கேட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். சமாதானமான மாதிரி தெரியவில்லை.

முடிவு வந்தபோது சுத்தமாக இருந்தது. அதே கிருமி. வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் தொற்றவில்லை. ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. அந்த ஓர் எழுத்தால், மாத்திரையில் கலந்திருக்கும் நான்கு மருந்துகளில் ஒன்றுக்கு அது இனிப் பணியாது. வழக்கம்போல ஜெனிலா எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள். மறுபடியும் அதே எழுத்து.

மாத்திரை கொடுத்துக் கண்காணிக்கும் எபனேசரிடம் சொன்னாள். நாசரேத்துக்காரர், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது.

"மருந்து உடம்புல பத்தலை, அண்ணாச்சி. பத்தாத மருந்துல பிழைச்ச கிருமி இது."

"நான் நினைச்சேன். காலி அட்டையெல்லாம் ஒழுங்கா கொண்டாந்து காட்டுனான். அட்டையக் காலி பண்ணக் கடல் பத்தாதாக்கும்?"

பத்தவில்லை என்று அவள் சொன்னது, தின்னவில்லை என்று அவர் காதில் விழுந்தது. மறுநாள் தருவைகுளத்தில், விஜிலா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, மாத்திரையைக் கடலில் கொட்டிவிட்டாய், மெஷினே சொல்லிவிட்டது என்று எபனேசர் ரெக்சனைக் காய்ச்சி எடுத்துவிட்டு வந்தார். சாயங்காலமே விஜிலா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புன்னைக்காயலுக்குப் போய்விட்டாள்.

இது தெரிந்தபோது, எபனேசரிடம் இன்னும் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஜெனிலா தன்னையே திட்டிக்கொண்டாள். அதைவிடப் பெரிய அடி அடுத்த வாரம் வந்தது. ரெக்சனின் படகாட்களுடைய ரத்த அணுக்களின் முடிவு. மற்றவர்களுக்கெல்லாம் கிருமி அமைதியாகக் கிடந்தது. ஒரே ஒரு ரத்தத்தில் மட்டும் சண்டை மும்முரமாக நடந்தது. ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களில் பெயர் இருக்காது, எண்தான். எண்ணை எபனேசரிடம் சொன்னாள்.

"இது மெல்வின்லா," என்றார் அவர். "சளி கேட்டப்போ வரலைன்னுட்டான். ரெக்சன் மச்சினன். விஜிலா தம்பி."

"எந்த வீட்டுல இருக்கான்?"

"புன்னைக்காயல்ல, அம்மா கூடத்தான். பாஸ்கு முடிஞ்சதும் கல்யாணம்."

விஜிலா பிள்ளைகளோடு போயிருப்பதும் அந்த வீட்டுக்குத்தான். எபனேசர் மெல்வினுக்குப் போன் போட்டார். எனக்கு ஒன்றுமில்லை, ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அவன் வைத்துவிட்டான். ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்தைக் காட்டி, உன் தம்பிக்கு நோய் என்று ஜெனிலா விஜிலாவிடம் போய்ச் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டால், பிள்ளைகள் அந்த வீட்டில்தான் தூங்கும். ரெக்சனே சொன்னால்தான் உண்டு என்று, அன்றே எபனேசரைக் கூட்டிக்கொண்டு தருவைகுளம் போனாள்.

ரெக்சன் வீட்டு வாசலில் முகக்கவசம் போட்டு உட்கார்ந்திருந்தான். எபனேசரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"மறுபடியும் திட்ட வந்தியளா, அண்ணாச்சி? ஆள் வேற கூட்டியாந்திருக்கிய."

"திட்ட வரலை," என்றாள் ஜெனிலா. "ஒரு நாளாவது மாத்திரை விட்டுப்போச்சா?"

"ஒரு நாள் விடலை. காத்து, மழை, வாந்தின்னு எது வந்தாலும் விடலை. அந்தச் சத்தியம் பொய்யில்ல."

"நம்புறேன். தினமும் எத்தனை போட்டீங்க?"

இதை அவனிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. போட்டாயா என்று கேட்டார்கள், போடவில்லை என்று திட்டினார்கள். ரெக்சன் எபனேசரைப் பார்த்தான். பிறகு மணலைப் பார்த்தான்.

"ரெண்டு."

"நாலுலா குடுத்தேன்," என்றார் எபனேசர்.

"நாலுதான் குடுத்தீய. ரெண்டு பங்கு போச்சி."

"யாருக்குலே?"

ரெக்சன் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். ஜெனிலாவும் பெயரைச் சொல்லவில்லை. தங்கு கடலில் தண்ணீர் கேனும் கஞ்சிச் சட்டியும் எல்லோருக்கும் பொது. மீன் விற்ற காசும் பங்குதான். இருமிக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு மருந்தில் பங்கு கொடுப்பது அங்கே யாருக்கும் தப்பாகப் படாது. அவளுக்கு அது படகுக்காரர்களின் புத்திதான் என்று புரிந்தது. கிருமிக்கு அந்தப் புத்தி இல்லை.

"அவனுக்கு இருமல் நின்னுட்டு," என்றான் ரெக்சன். "ரெண்டு ரெண்டே போதும் போலன்னு நினைச்சோம். ஆஸ்பத்திரிக்குப் போனா கல்யாணம் நின்னுரும்னு கால்ல விழுந்து அழுதான். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"உங்களுக்கும்தான் இருமல் நின்னுது."

அவன் நிமிர்ந்தான்.

"உங்க பிள்ளைங்க இப்ப எந்த வீட்டுல படுக்குது, ரெக்சன்?"

அவன் போனை எடுத்தான். விஜிலா எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். நாலாவது தடவை எடுத்தாள்.

"விஜிலா, வையாத, கேளு. பிள்ளைகள ஒன் மாமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மெல்வின் பக்கத்துல படுக்கப் போடாத."

"குடிச்சிருக்கியளா?" என்று அவள் கேட்டது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றை முதலில் சொல்லி, விட்டதைப் பிறகு சொல்லி, திரும்ப ஆரம்பித்து, கோணல்மாணலாகச் சொன்னான். கடைசியில் அவள் போனை வைத்துவிட்டாள். அவள் நம்பினாளா இல்லையா என்று மூவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மெல்வினைச் சட்டைக் கையோடு பிடித்து இழுத்துக்கொண்டு விஜிலா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிள்ளைகளும் கூட வந்தார்கள். மெல்வின் சளியில் கிருமி இருந்தது, எக்ஸ்ரேயிலும் தெரிந்தது. பிள்ளைகளுக்கு நோய் இல்லை. வராமல் இருக்க மாத்திரை எழுதினார்கள். ரெக்சனுக்கு வேறு மருந்து சேர்த்துப் புதுச் சிகிச்சை தொடங்கியது. மெல்வினுக்கும் அநேகமாக அதேதான் என்று மருத்துவர் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் மச்சானும் மச்சினனும் ஒரு பெஞ்சின் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாத்திரைய எவனாவது பங்கு வைப்பானா?" என்றாள் விஜிலா. "அது என்ன சாளை மீனா?"

"ஒன் தம்பிலா," என்றான் ரெக்சன்.

"அதனாலதான் ரெண்டு பேரையும் இன்னும் அடிக்காம நிக்கேன்."

"அக்கா, பொண்ணு வீட்டுல..." என்று மெல்வின் ஆரம்பித்தான்.

"நானே போன் போட்டுட்டேன். மறைச்சிக் கட்டி வச்சா நாளைக்கு அந்தப் பிள்ளையும் இங்க வந்துலா உக்காரணும். யோசிச்சிச் சொல்லுதோம்னாவ."

மெல்வின் முகத்தைப் பொத்திக்கொண்டான். எபனேசர் ரெக்சன் பக்கத்தில் போய் நின்றார். "கடல் பத்தாதான்னு சொல்லிட்டேன், என்ன," என்றார். ரெக்சன், "டீ வாங்கிக் குடுங்க, அண்ணாச்சி, சரியாப் போவும்," என்றான்.

மத்தியானத்துக்கு மேல் ரெக்சன் பைக்கில் தனியாக வீட்டுக்குக் கிளம்பினான். ஜெனிலாவும் விஜிலாவும் பிள்ளைகளோடு பஸ் நிலையம்வரை நடந்தார்கள். வழியில் விஜிலா வீட்டு ஜன்னலைத் திறந்து போடுவது பற்றியும், அவன் தனியாகப் படுக்க வேண்டிய நாட்கள் பற்றியும்தான் கேட்டாள். மன்னித்துவிட்டேன் என்றோ கோபம் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. ஜெனிலாவும் கேட்கவில்லை.

புன்னைக்காயல் பஸ் முதலில் வந்தது. ஜெனிலா ஏறி உட்கார்ந்தாள். விஜிலா ஏறவில்லை. சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரியவனின் கையைப் பிடித்துக்கொண்டு, தருவைகுளம் பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனாள்.